எந்தப் பாகம் முதலில் போகும்?

இன்று விற்பனைக்கு வரும் இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் பலவற்றின் வாரண்டி அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். காம்ப்ரசருக்கு 10 ஆண்டு, மற்ற பாகங்களுக்கு 1 ஆண்டு. விளம்பரம் பெரிய எண்ணைத்தான் பெரிதாக அச்சிடும். வாங்குபவர் கண்ணும் அதிலேயே நிற்கும். ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்குச் சின்ன எண்தான் நெருக்கமான சாட்சி. இன்வெர்ட்டர் காம்ப்ரசர் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் நேரடியாக ஓடாது. தேவையான வேகத்துக்கு ஏற்ற அலைவெண்ணில் மின்சாரத்தை உருவாக்கித் தர ஒரு மின்னணுப் பலகை வேண்டும். மெக்கானிக்குகள் அதை ‘போர்டு’ என்பார்கள். போர்டு போய்விட்டால், பத்தாண்டு வாரண்டியுள்ள காம்ப்ரசர் ஒரு குறையும் இல்லாமல் சும்மா கிடக்கும். மாற்றுப் போர்டு கிடைத்தால் ஃப்ரிட்ஜ் பிழைக்கும், கிடைக்காவிட்டால் காயலான் கடைக்குப் போகும். ‘அந்தக் காலத்துச் சாமான் உழைத்தது, இப்போது வருவது உழைப்பதில்லை’ என்ற பொதுப் புலம்பலுக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சாதனத்தின் ஆயுளை அதன் மிக உறுதியான பாகம் தீர்மானிப்பதில்லை, பாகங்களின் சராசரியும் தீர்மானிப்பதில்லை. மாற்ற முடியாத பாகங்களில் எது முதலில் போகிறதோ, அதன் ஆயுளே மொத்தச் சாதனத்தின் ஆயுள். பழசு, புதுசு என்ற பிரிவைவிட இந்த விதி அதிகம் விளக்குகிறது.

முதலில் அந்தப் புலம்பலையே சோதித்துப் பார்க்க வேண்டும். எழுபதுகளில் வாங்கிய சீலிங் ஃபேன் இன்றும் சுற்றுகிறது என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு. அது பொய்யில்லை. ஆனால் அதோடு சேர்ந்து விற்ற மற்ற ஃபேன்கள் எங்கே? 1975இல் ஒரு தெருவில் நூறு ஃபேன் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். காயில் கருகியும் பேரிங் தேய்ந்தும் அவற்றில் தொண்ணூறு எடைக்குப் போயிருந்தாலும், அவற்றைப் பற்றிப் பேச இன்று யாரும் இல்லை. மிஞ்சிய பத்து மட்டும் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு அந்தக் காலத்துக்குச் சாட்சி சொல்லும். பிழைத்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு, பிறந்தவை எல்லாமே பிழைத்தன என்று முடிவுகட்டும் இந்தத் தவறு புள்ளியியலில் நன்கு அறியப்பட்டது. புதிய சாதனங்கள் விஷயத்தில் அது தலைகீழாக வேலை செய்கிறது. மூன்றாம் ஆண்டில் பழுதான வாஷிங் மெஷின் உறவினர் அனைவருக்கும் செய்தியாகிறது. எட்டாம் ஆண்டிலும் ஒழுங்காகத் துவைக்கும் மெஷினைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே நினைவை நம்பி இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்தச் சாய்வைக் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா என்று எண்களிடம் கேட்க வேண்டும்.

கொஞ்சம் மிஞ்சுகிறது. ஜெர்மனியின் மத்திய சுற்றுச்சூழல் முகமைக்காக நடந்த ஒரு விரிவான ஆய்வு, அந்நாட்டு வீடுகளில் சாதனங்கள் எப்போது, ஏன் மாற்றப்படுகின்றன என்பதைப் பார்த்தது. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் போன்ற பெரிய சாதனங்களில் பழுது காரணமாக ஐந்தாண்டுக்குள் மாற்றப்பட்டவற்றின் பங்கு 2004இல் 3.5 விழுக்காடு, 2012இல் அது 8.3 விழுக்காடு. அதே காலகட்டத்தில் முதல் உரிமையாளரிடம் அவை உழைத்த சராசரிக் காலம் 14.1 ஆண்டிலிருந்து 13 ஆண்டாகக் குறைந்தது. மாற்றப்பட்ட பெரிய சாதனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பழுதே ஆகாதது. இதைவிட நல்லது வேண்டும் என்பதற்காகவே மாற்றப்பட்டது. இந்த எண்கள் இரு தரப்புக்கும் முழு வெற்றியைத் தரவில்லை. சராசரி ஆயுள் சரிந்து விழவில்லை, ஓராண்டுதான் குறைந்திருக்கிறது. ஆனால் இளமையில் சாகும் சாதனங்களின் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. பெரும்பாலானவை பழையபடி உழைக்க, சில மட்டும் சீக்கிரம் சாகின்றன என்றால், மொத்தத் தரமும் கெட்டுவிட்டது என்ற விளக்கம் பொருந்தாது. ஏதோ சில பாகங்கள் முந்திக்கொண்டு போகின்றன, அவற்றோடு முழுச் சாதனமும் போகிறது என்ற விளக்கமே பொருந்துகிறது.

அது எப்படி என்று பார்க்கச் சீலிங் ஃபேனைப் பிரிப்பது நல்லது. பழைய முறையும் புதிய முறையும் இன்று ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் சாதனம் அது. பழைய முறை ஃபேனுக்குள் இருப்பவை சொற்பம். நடுவில் எனாமல் பூசிய செம்புக் கம்பி சுற்றப்பட்ட அசையாத பகுதி, அதைச் சூழ்ந்து, அலுமினியம் கூண்டுபோல் வார்க்கப்பட்ட சுழலும் பகுதி, இரண்டு பேரிங், ஒரு கண்டன்சர். சுழலும் பகுதிக்கு எந்த வயரும் போவதில்லை. செம்புச் சுருள் உண்டாக்கும் காந்தப்புலம் சுழலும்போது, அலுமினியக் கூண்டில் தூண்டலால் மின்னோட்டம் பிறந்து, கூண்டு அந்தப் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. உரசித் தேயும் மின்தொடர்பு எதுவும் இல்லாததால் தேய்மானம் முழுவதும் பேரிங்கோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட மின்சாரத்தால் தனியாகச் சுழலும் புலத்தை உண்டாக்க முடியாது. இரண்டாவது சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சற்று முன்னே நகர்த்தி அந்தச் சுழற்சியைக் கொடுப்பதற்குத்தான் 2.5 மைக்ரோஃபாரட் அளவில் அந்தச் சிறிய கண்டன்சர்.

இந்த எளிய ஃபேனிலும் சாகும் பாகம் உண்டு. அது இந்தக் கண்டன்சரே. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். மின்னழுத்தம் திடீரென எகிறும்போது படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். உடனே ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி, அந்த இடம் தனிமைப்பட்டு, கண்டன்சர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அதற்கு விலையாகக் கொஞ்சம் கொள்ளளவு குறையும். ஆண்டுகள் போகப் போக ஃபேனின் வேகம் மட்டுப்படும். கடைசியில் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். அப்போது எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு வயரைக் கழற்றி, சின்னக் கடைகளிலும் கிடைக்கும் புதிய கண்டன்சரை மாட்டிவிட்டுப் போவார். எந்தக் கம்பெனி ஃபேன் என்று அவர் கேட்பதுகூட இல்லை, ஏனென்றால் கண்டன்சர் எல்லாவற்றுக்கும் பொதுவானது. பேரிங்கும் அப்படித்தான்; அளவு எண்ணைச் சொன்னால் எந்த ஊரிலும் கிடைக்கும். காயில் கருகினால் புதிதாகக் கட்ட ஆள் உண்டு. அரை நூற்றாண்டு சுற்றிய ஃபேன் என்று நாம் மெச்சுவது, பெரும்பாலும், பல கண்டன்சர்களையும் சில பேரிங்குகளையும் ஒருவேளை ஒரு காயிலையும் தின்று தீர்த்த ஃபேனாகவே இருக்கும். அது சாகாமல் இருக்கவில்லை. துண்டு துண்டாகச் செத்து, துண்டு துண்டாகப் பிழைத்தது.

இப்போது பி.எல்.டி.சி. எனப்படும் புதிய முறை ஃபேனைப் பார்ப்போம். இதன் சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. அங்கே மின்னோட்டத்தைத் தூண்டவேண்டிய தேவை இல்லாததால் அதனால் வரும் வெப்ப இழப்பும் இல்லை. பழைய ஃபேன் 70 முதல் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. ஆனால் காந்தங்களைச் சரியான நொடியில் இழுத்துத் தள்ளச் சுருள்களுக்கு மாறி மாறி மின்சாரம் தர வேண்டும். அதற்காக வீட்டு மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக்கப்பட்டு, ஒரு கண்டன்சரில் சமன்செய்யப்பட்டு, மின்னணு நிலைமாற்றிகளால் மறுபடி வெட்டப்படுகிறது. எப்போது வெட்டவேண்டும் என்பதை ஒரு சிறு சில்லு கணக்கிடுகிறது. ரிமோட்டின் கட்டளையை வாங்குவதும் அதுவே. மோட்டாரின் இயந்திரப் பகுதி பழையதைப் போலவே உறுதியானது. குறைவாகச் சூடாவதால் அதன் சுருளும் பேரிங்கும் நீண்ட காலம் உழைக்கவே வாய்ப்பு அதிகம். முந்திக்கொண்டு போவது போர்டு. போர்டுக்குள்ளும் அடிக்கடி முதலில் போவது, இங்கேயும், ஒரு கண்டன்சர்.

இந்தக் கண்டன்சர் பழைய ஃபேனில் இருப்பதிலிருந்து வேறுபட்டது. இதில் அலுமினியத் தகடுகளுக்கு இடையே திரவம் ஊறிய காகிதம் இருக்கிறது. சிறிய இடத்தில் நிறைய மின்னூட்டம் தேக்குவதற்கு அந்தத் திரவம் தேவை. அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே திரவம் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறும். வெப்பம் கூடினால் வேகமாக வெளியேறும். வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. 105 பாகை செல்சியஸில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று குறிக்கப்பட்ட கண்டன்சரை 65 பாகையில் இயக்கினால் பதினாறு மடங்கு, அதாவது 32,000 மணி நேரம் வரும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஃபேனில் அது ஏழு ஆண்டு சொச்சம். காற்றோட்டமில்லாத மூடிக்குள் போர்டை அடைத்து, வெப்பம் 75 பாகைக்கு ஏறிவிட்டால் ஆயுள் மூன்றரை ஆண்டாகச் சுருங்கும். அதே 65 பாகையில் 5,000 மணி நேரக் கண்டன்சரைப் போட்டால் பதினெட்டு ஆண்டைத் தாண்டும். ஒரு ஃபேனின் விலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டு கண்டன்சர்களுக்கும் உள்ள விலை வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆக, மூன்றரை ஆண்டு, பதினெட்டு ஆண்டு என்ற இரண்டு விதிகளும் ஒரே தொழில்நுட்பத்துக்குள் இருக்கின்றன. எதைத் தேர்வது என்பது வடிவமைப்பவரின் மேசையில் முடிவாகிறது.

பாகங்கள் கூடக் கூடப் பழுதும் கூடும் என்பது பலரும் சொல்லும் விளக்கம். அதில் கணித உண்மை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் ஏவுகணைப் பணியில் ஈடுபட்ட ராபர்ட் லுசரின் பெயரால் வழங்கும் விதி அதைச் சொல்கிறது. எல்லாப் பாகங்களும் வேலை செய்தால்தான் சாதனம் வேலை செய்யும் என்ற நிலையில், மொத்த நம்பகத்தன்மை என்பது தனித்தனி நம்பகத்தன்மைகளின் பெருக்கற்பலன். பத்து ஆண்டு தாங்கும் வாய்ப்பு 99 விழுக்காடு உள்ள பாகங்கள் பத்து இருந்தால், சாதனம் பத்து ஆண்டு தாங்கும் வாய்ப்பு 90 விழுக்காடு. அத்தகைய பாகங்கள் நூறு இருந்தால் வாய்ப்பு வெறும் 37 விழுக்காடு. ஆயினும் எண்ணிக்கையை மட்டும் குற்றம் சொன்னால், கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் கொண்ட கைப்பேசிச் சில்லு ஆண்டுக்கணக்கில் ஓடுவதை விளக்க முடியாது. ஒரே சிலிக்கான் துண்டில் சேர்ந்து உருவாகும் டிரான்சிஸ்டர்கள் மிக அரிதாகவே பழுதாகின்றன. போர்டில் போவது பெரும்பாலும் வெளியுலகோடு தொடர்புள்ளவை: சூடாகும் கண்டன்சர், பெரும் மின்னோட்டத்தை வெட்டும் நிலைமாற்றி, தொடுமுனை கருகும் ரிலே, சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி வெடிப்பு விடும் ஈயப் பற்று. நம் ஊரில் இவற்றோடு கடற்கரைக் காற்றின் உப்பும், ஏசியின் வெளிப் பெட்டிக்குள் புகுந்து போர்டில் குறுக்கே விழும் பல்லியும் சேர்ந்துகொள்ளும். சிறப்பம்சங்களின் பட்டியல் நீள்வதைவிட இந்தச் சில பலவீனப் புள்ளிகள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதே ஆயுளை நிர்ணயிக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாற்ற முடியாததெல்லாம் கெடுதல் என்று எடுத்துக்கொண்டால் பழைய ஃப்ரிட்ஜே அதை மறுத்துவிடும். 1920களின் தொடக்கத்தில் வந்த வீட்டு ஃப்ரிட்ஜுகளில் மோட்டார் வெளியே இருக்கும். பெல்ட் காம்ப்ரசரைச் சுற்றும். தண்டு நுழையும் இடத்தில் வாயு கசியும். பழுதுபார்க்க எளிது, பழுதும் அடிக்கடி. 1927இல் ஜெனரல் எலக்ட்ரிக் ‘மானிட்டர் டாப்’ ஃப்ரிட்ஜில் மோட்டாரையும் காம்ப்ரசரையும் ஒரே உருக்குக் கூட்டில் போட்டு மூடி விற்றது. உள்ளே கை வைக்க வழியில்லை. ஆனால் கசிவதற்கு இடமில்லை, தூசி இல்லை, ஈரமில்லை, எண்ணெய் ஆயுள் முழுதும் உள்ளேயே சுற்றிவரும். இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய ஃப்ரிட்ஜுகளின் ரகசியம் இந்த மூடிய கூடுதான். மூடியதால் நீடித்தது, ஏனென்றால் மூடப்பட்டது தேயாத பொருள். வாஷிங் மெஷினில் நடப்பது இதற்கு நேர்மாறு. டிரம்மைத் தாங்கும் பேரிங் கட்டாயம் தேயும் பாகம். முன்பு தொட்டியின் இரு பாதிகளும் திருகாணியால் பூட்டப்பட்டிருந்தன. இப்போது பல மாதிரிகளில் அவற்றை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சில நூறு ரூபாய் பேரிங்குக்காகத் தொட்டி, டிரம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்தப் பழுதில் மின்னணுவியலுக்குப் பங்கே இல்லை. நீடிப்பதை மூடு, தேய்வதைத் திறந்து வை என்ற ஒழுங்கு இங்கே தலைகீழாக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஒழுங்கை நன்றாக அறிந்த வடிவமைப்புகள் நம் சமையலறையிலேயே உண்டு. 1960களில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் ‘சுமீத்’ மிக்ஸியை உருவாக்கியதற்குக் காரணம், ஐரோப்பிய மிக்ஸியின் மோட்டார் இந்தியச் சமையலின் அரைவைக்குத் தாங்காமல் போனது. அந்தக் காலம் முதல் இந்திய மிக்ஸிகளில் ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஆன கப்ளர் ஒன்று இருக்கிறது. ஜாருக்குள் ஏதாவது சிக்கி பிளேடு நின்றுவிட்டால் கப்ளரின் பல் உடையும்; மோட்டார் தண்டு வளையாது, காயில் கருகாது. கார்பன் பிரஷ் தேய்ந்தால் கழற்றி மாட்டலாம். சுமை கூடினால் அடியிலுள்ள சிவப்புப் பொத்தான் வெளியே வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். எது உடையவேண்டும் என்பதை வடிவமைத்தவரே முன்கூட்டி முடிவு செய்து, அதை மலிவாகவும் கைக்கெட்டும் இடத்திலும் வைத்துவிட்டார். இயந்திரங்களுக்கு முந்திய காலத்திலும் இதுவே நடைமுறை. அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல். ஆனாலும் அவற்றின் முகம் வழுவழுத்துப்போகும். கல் கொத்துபவர் தெருவில் குரல் கொடுத்து வருவார். பராமரிப்பு வேண்டாத பொருள் என்று ஒன்று இருந்ததேயில்லை.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு, ‘இதெல்லாம் எதற்கு, கம்பெனிகள் வேண்டுமென்றே சீக்கிரம் கெடும்படி செய்கின்றன’ என்பது. அப்படி நடந்ததற்குச் சான்று உண்டு. 1924இல் ஜெனிவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு உற்பத்தியாளர்கள் ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக நிர்ணயித்தார்கள். அதைவிட நெடுநேரம் எரியும் பல்பு விற்ற உறுப்பினர்களுக்கு அபராதமும் விதித்தார்கள். ஆனால் அந்த வழக்கிலும் இயற்பியலுக்கு ஒரு பங்கு இருந்தது. டங்ஸ்டன் இழையைக் குறைந்த சூட்டில் வைத்தால் நீண்ட நாள் எரியும், வெளிச்சமோ மங்கலாக வரும், அதே மின்சாரத்துக்குக் குறைவான ஒளியே கிடைக்கும். இன்றைய வீட்டுச் சாதனங்களில் சதியைவிடச் சாதாரணமான காரணமே அதிகம் பொருந்தும். முற்காலப் பொறியாளருக்கு மோட்டாரின் ஒவ்வொரு மூலையிலும் எவ்வளவு சூடு ஏறும் என்று துல்லியமாகக் கணக்கிட வழியில்லை. எனவே பயந்து, தடித்த கம்பி, கனத்த வார்ப்பு என்று தாராளமாகப் போட்டார். தடித்த கம்பி குறைவாகச் சூடாகும். சூடு குறைந்தால் கம்பியின் எனாமல் காப்பு பல மடங்கு நீடிக்கும். நீண்ட ஆயுள் அவருடைய பயத்தின் உபவிளைவு. இன்று கணினி அந்தப் பயத்தை நீக்கிவிட்டது. தேவைக்கு மேல் இருந்த செம்பு செலவாகத் தெரிகிறது, செலவு வெட்டப்படுகிறது. வாரண்டிக் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பது விலைச்சீட்டில் தெரியாதவரை, அதற்காகச் செலவழிக்கும் கம்பெனி போட்டியில் பின்தங்கும். எவரும் சதி செய்யாமலே முடிவு அதுவாகிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பழைய சாதனம் மின்சாரத்தைக் குடிக்கும். அதை ஓட்டிக்கொண்டிருப்பதே வீண் என்பது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற சராசரி ஃப்ரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் எடுத்தது. கலிஃபோர்னியாவில் தொடங்கி நாடு முழுதும் வந்த திறன் விதிகளால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 500 யூனிட் அளவுக்கு இறங்கியது, ஃப்ரிட்ஜின் கொள்ளளவு கூடியும்கூட. நம் ஃபேனையே எடுத்துக்கொண்டாலும், 45 வாட் மிச்சம், நாளுக்கு 12 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 197 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் ஏறத்தாழ 1,180 ரூபாய். மூன்று ஆண்டில் ஃபேனின் விலை திரும்பிவிடும். பழசைக் கட்டிக்கொண்டு அழக்கூடாது என்பதற்கு இது போதுமான நியாயம். ஆனால் இந்த நியாயம் ஒரு முறைதான் செல்லும். 75 வாட்டிலிருந்து 30 வாட்டுக்கு வந்தபோது கிடைத்த லாபம், 30 வாட் ஃபேன் ஐந்தாம் ஆண்டில் கெட்டு 27 வாட் ஃபேனை வாங்கும்போது கிடைக்காது. செம்பும் அலுமினியமும் காந்தமும் மட்டும் இரண்டாம் முறை தோண்டி எடுக்கப்படும். திறன் ஏறஏற, அடிக்கடி மாற்றுவதற்கான காரணம் மெலிகிறது. நீண்ட நாள் வைத்திருப்பதற்கான காரணம் வலுக்கிறது. மேலும், மின்சாரத்தைச் சேமிக்கத் தேவைப்பட்டது போர்டுதான். அந்தப் போர்டைத் தனியே விற்காமல் இருப்பதும், பிரிக்க முடியாதபடி ஒட்டுவதும் ஒரு யூனிட்டைக்கூடச் சேமிப்பதில்லை.

பாதுகாப்பைச் சொல்லியும் பழசை மறுப்பார்கள். அதிலும் உண்மை உண்டு. தொடக்ககால ஃப்ரிட்ஜுகளில் கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கொக்கி வைத்த கதவு உள்ளிருந்து திறக்காததால் குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தார்கள். அமெரிக்கா 1956இல் அதற்கென்றே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத இஸ்திரிப் பெட்டி வீட்டைக் கொளுத்தக்கூடியது. ஆனால் இவற்றைத் தீர்த்தவை பெரும்பாலும் மிக எளிய உத்திகள். இஸ்திரிப் பெட்டியின் தானியங்கி நிறுத்தம், சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரு உலோகத் தகடுகளை ஒட்டியதால் வருகிறது. சாதாரண ரைஸ் குக்கர் சோறு வெந்ததை அறிவது இன்னும் அழகு. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். அடியிலுள்ள காந்தப் பொருள் 100 பாகைக்குச் சற்று மேலே காந்தத்தன்மையை இழக்கும்படி தயாரிக்கப்பட்டிருக்கும். உடனே ஸ்பிரிங் தள்ளி சுவிட்ச் விழும். சில்லு இல்லை, நிரல் இல்லை, வேலை மட்டும் தானாக நடக்கிறது. வசதியும் பாதுகாப்பும் வேண்டுமென்றால் ஆயுளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எப்போதும் உண்மையில்லை என்பதற்கு இந்தக் குக்கரே ஆதாரம்.

மிகக் கடினமான மறுப்பு பணத்தைப் பற்றியது. 1922இல் அமெரிக்காவில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜின் விலை ஃபோர்டு மாடல் டி காரின் விலையைவிட அதிகம். அப்படிப்பட்ட பொருளைப் பழுதுபார்க்காமல் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. இயந்திரங்கள் செய்யும் பொருளின் விலை குறைந்துகொண்டே வர, மனிதர் செய்யும் பழுதுபார்ப்பின் கூலி ஏறிக்கொண்டே போனது. காயில் கட்டும் கூலியும் செம்பின் விலையும் புதிய ஃபேனின் விலையில் பாதியைத் தொட்டுவிட்டால், கணக்குப் பார்க்கிற எவரும் புதியதையே வாங்குவார். மலிவு விலைதான் ஏழை வீட்டுக்கும் மிக்ஸியையும் ஃப்ரிட்ஜையும் கொண்டுவந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் மலிவாக்குவதும் மூடி ஒட்டுவதும் ஒன்றல்ல. கூலி உயர்வு பழுதுபார்ப்பை விலையேற்றும் என்றால், சரியான பதில் அந்த வேலையின் நேரத்தைக் குறைப்பது: முதலில் போகக்கூடிய பாகத்தை நான்கு திருகாணியில் கழற்றக்கூடிய இடத்தில் வைப்பது, எல்லா மாதிரிக்கும் பொருந்தும் அளவில் செய்வது. பழைய ஃபேனின் கண்டன்சர் இன்றும் பத்து நிமிட வேலையாக இருப்பதால்தான் கூலி எவ்வளவு ஏறியும் அதை மாற்றுவது கட்டுப்படியாகிறது. இந்திய நகரங்களில் ஏசி போர்டுகளைச் சரிசெய்து தரும் சிறு கடைகள் பெருகியிருப்பதும் இதையே காட்டுகிறது. மின்னணுப் பலகை பழுதுபார்க்க முடியாதது அல்ல. சுற்றுப்படமும் உதிரியும் கிடைக்காததால் பழுதுபார்க்கப்படாதது.

சட்டங்கள் இந்த இடத்தைத்தான் தொடத் தொடங்கியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஃப்ரிட்ஜுக்கு 7 ஆண்டும் வாஷிங் மெஷினுக்கு 10 ஆண்டும், அந்த மாதிரி விற்பனை முடிந்த பிறகும், முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். சாதாரணக் கருவிகளால் அவற்றை மாற்ற முடியவும் வேண்டும். பிரான்ஸ் 2021 முதல் சில வகைச் சாதனங்களின் மேல் பழுதுபார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அச்சிட வைத்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் திறந்தது. ஆனால் உதிரிபாகத்துக்கு ஐரோப்பாவில் உள்ளது போன்ற கால வரையறை கடையில் வாங்குபவர் கண்ணில் படும் வடிவத்தில் இன்னும் வரவில்லை. அது வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 2006இல் மின்திறன் ஸ்டார் லேபிள் வருவதற்கு முன், ஒரு ஃப்ரிட்ஜ் ஆண்டுக்கு எத்தனை யூனிட் எடுக்கும் என்று கடைக்காரரைக் கேட்டவர் குறைவு, சொல்லத் தெரிந்தவர் அதைவிடக் குறைவு. இன்று நட்சத்திரத்தை எண்ணாமல் யாரும் வாங்குவதில்லை, சீலிங் ஃபேனுக்கும் 2023 முதல் அது கட்டாயம். கண்ணுக்குத் தெரிந்த எண்ணுக்காகக் கம்பெனிகள் போட்டியிடுகின்றன, தெரியாத எண்ணுக்காகப் போட்டியிடுவதில்லை. ஆகவே பழைய எளிமைக்குத் திரும்புவது தீர்வாகாது, அதற்குத் தேவையும் இல்லை. முதலில் போகக்கூடிய பாகம் எது, அது தனியே என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு வரை கிடைக்கும் என்ற மூன்று விவரங்களும் நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும். அச்சாகும்வரை, பணம் கொடுக்கும் முன் அந்த மூன்றையும் வாய்விட்டுக் கேட்பதுதான் வாங்குபவர் கையிலுள்ள வழி. போதுமான பேர் கேட்டால், பதில் வைத்திருக்கும் கம்பெனிக்கு விற்பனையில் முந்திக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிடும்.